வெந்நீர் வைக்க எது வாங்கலாம்?

மழைக்காலம் தொடங்கியதும் வெந்நீர்க் கேள்விகள் வரிசைகட்டும். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான்கு பேருக்குக் காபி, அப்புறம் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். காஸ், இண்டக்‌ஷன், எலெக்ட்ரிக் கெட்டில் மூன்றில் எது சிக்கனம்? (வாசகி, ஈரோடு)

பதில்: கணக்கே போட்டுவிடுவோம். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கக் கெட்டிலுக்கு ஏறத்தாழ 0.1 யூனிட் போகும். பத்து லிட்டருக்கு ஒரு யூனிட். இண்டக்‌ஷனும் கிட்டத்தட்ட அதேதான். காஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சூடு பாத்திரத்தைத் தொடாமலே போய்விடுகிறது. லிட்டருக்குப் பத்து, பதினொரு கிராம் எரியும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் இது 65 பைசா சொச்சம். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் கட்டுகிற வீட்டில் கெட்டில் செலவு 50 பைசா. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டி, எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறவர்களுக்குக் காஸே மலிவு. ஆக, முதலில் உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள்.

காசை விடுங்கள், வசதி என்றால் கெட்டில்தான். 1500 வாட் கெட்டில் ஒரு லிட்டரை நான்கு நிமிடத்தில் கொதிக்கவைத்துத் தானே நின்றுவிடும். உள்பக்கமும் மூடியின் அடிப்பக்கமும் ஸ்டீலா என்று கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள். நான் பார்க்காமல் வாங்கிய ஒன்றில் மூன்று மாதம் பிளாஸ்டிக் வாசனையோடு காபி குடித்தோம்.

இண்டக்‌ஷன் வாங்குவதானால் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாதது அடுப்பில் சூடாகாது. நான் அடுப்பை வாங்கிவந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். வீட்டில் இருந்ததெல்லாம் அலுமினியம். புதுப் பாத்திரங்களுக்கு ஆன செலவு அடுப்பு விலையைத் தாண்டியது.

கேள்வி: புதுக் கெட்டில் தண்ணீர் கொதித்த பிறகும் நிற்பதில்லை. பழுதா? கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (விழுப்புரம்)

பதில்: மூடியை மூடினீர்களா? நீராவி பட்டால்தான் உள்ளே இருக்கும் உலோகத் தகடு வளைந்து சுவிட்சைத் தள்ளும். திறந்துவைத்தால் ஆவி மேலே போய்விடும், கெட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். மூடியும் நிற்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், கடைக்காரரை ஒரு கை பார்ப்போம்.

கேள்வி: ஹாஸ்டலில் கெட்டிலில் மேகி செய்யலாமா, பால் காய்ச்சலாமா? (கோவை)

பதில்: கெட்டில் உங்களுடையது என்றால் செய்யுங்கள். அப்புறம் வாரண்டி கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: தெருவோரக் கடையில் வாட்டர் ஹீட்டர் ராடு 250 ரூபாய்க்கு வாங்கினேன். வாளியில் விரல் விட்டுச் சூடு பார்த்தபோது ஷாக் அடித்தது. பில் இல்லை. யார்மீது புகார் கொடுப்பது? (மதுரை)

பதில்: உயிரோடு இருந்து எழுதுகிறீர்களே, அதுவரை சந்தோஷம். பில் இல்லை, முத்திரை இல்லை, கடை நாளை அங்கே இருக்குமா என்றும் தெரியாது. யார்மீது புகார் கொடுப்பீர்கள்?

சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிய பிறகே தண்ணீரில் கை. இரும்பு வாளி ஆகாது. எர்த் இல்லாத பாயிண்டும் ஆகாது. ராடில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதன் தர எண் ஐ.எஸ். 368. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். வாங்கியதைத் தூக்கி எறியுங்கள். இன்னொருவருக்கு இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்றவர்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்துவந்தோம். இலவசப் பரிசோதனை என்று வந்த பையன் எங்கள் காய்ச்சிய நீரில் ஒரு கருவியை விட்டான். சேற்று நிறமாகிவிட்டது. பயந்துபோய் 16,500 ரூபாய்க்கு ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம். இப்போது போனை எடுப்பதில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: அம்மா, முதலில் ஒன்று. உங்கள் மேல் தப்பே இல்லை. இதே கருவியிடம் நானும் ஏமாந்திருக்கிறேன்.

அதில் இருப்பது இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரைந்து துருவாகும். நீங்கள் கண்ட சேறு அந்தக் கம்பியின் துருதான், உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், கரைந்த உப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் காய்ச்சிய நீரும் நிறம் மாறும். ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, தெளிவாக நிற்கும். அவர்களுடைய ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கருவியை விடச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும். எனக்கு இந்தப் புத்தி பணத்தைக் கொடுத்து நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. அன்றிலிருந்து இலவசப் பரிசோதனை என்று வாசலில் யாராவது நின்றால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடாகப் பார்த்து வருகிறார்கள், பாருங்கள்!

தண்ணீரில் ஃபுளோரைடு, அளவுக்கு மீறிய உப்பு இருந்தால் காய்ச்சுவது போதாது. அதைச் சொல்லவேண்டியது ஆய்வகம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

இனி பணம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். அந்தச் சேற்று நீர்க் காட்சியை மனுவில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள், வரைவு போட்டுத் தருகிறேன்.

கேள்வி: உதகையில் தண்ணீர் 100 டிகிரிக்கு வராதாமே? காய்ச்சினால் கிருமி சாகுமா? (உதகமண்டலம்)

பதில்: உங்கள் ஊர் 2,200 மீட்டருக்கு மேல். 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். கீழே ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் சரி, நீங்கள் மூன்று நிமிடம் விடுங்கள். கெட்டில் சீக்கிரம் நின்றுவிடும், அதனால் குடிக்கிற தண்ணீருக்கு அடுப்பு.

கேள்வி: கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கம்பெனிக்காரர் 800 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் கேட்கிறார்.

பதில்: போர் தண்ணீரின் சுண்ணாம்பு. இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி கழித்துக் கழுவுங்கள். மிச்சம் 780 ரூபாய் உங்களுக்கு.