பரிசில் நீட்டித்த வள்ளல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு மாலை ஊர் வரலாறு பற்றிப் பொதுவுரை நடத்தத் தொடங்கியிருக்கிறோம். ஊருக்குக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுவதுதான் நோக்கம். முதல் கூட்டம் அதியமான் பற்றி. பேச வந்தவர் நெல்லிக்கனியில் தொடங்கி நெல்லிக்கனியிலேயே முடித்தார். அதற்கு முன்பே வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று ஒரு மணி நேரம் போய்விட்டது. பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்தவர்கள் பாதியில் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு கேள்விகள். சென்னைக்கும் மதுரைக்கும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதியமானை விட்டால் நமக்கு யார்? அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. இந்த ஊரில் பள்ளிக் கட்டடம் கட்டிக் கொடுத்த ஒரு குடும்பம், ஆண்டு முழுவதற்கும் செலவை ஏற்பதாகச் சொல்கிறது. ஒரு மாலை அவர்களுடைய தாத்தாவைப் பற்றி இருக்க வேண்டும், பேசுபவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்பது நிபந்தனை. குழுவில் பாதிப் பேர் வாங்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செ., தருமபுரி

அன்புள்ள செ.,

நெல்லிக்கனிப் பேச்சாளரை நானும் கேட்டிருக்கிறேன். ஒருவரை அல்ல, பலரை. கனியைப் பறித்த மலை, அதைக் காத்த பாம்பு, அதை வாங்கி உண்ட கிழவி என்று கதை வளர்ந்துகொண்டே போகும். அந்த ஔவை கிழவியாக இருந்தாள் என்பதற்குப் புறநானூற்றில் ஆதாரம் இல்லை என்று யாராவது எழுந்து சொன்னால் மேடையில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும்.

அதே ஔவை பாடிய இன்னொரு பாடலை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. புறநானூற்றின் 206ஆம் பாடல். ‘வாயிலோயே வாயிலோயே’ என்று காவலாளியைக் கூப்பிட்டுத் தொடங்குகிறது. அதியமான் பரிசில் தரத் தாமதம் செய்கிறான். ஔவை வாசலில் நின்றபடி காவலனிடம் கேட்கிறாள்: உன் தலைவனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா? அறிவும் புகழும் உடையவர்கள் செத்துப்போய் உலகம் வெறுமையாகிவிடவில்லை. யாழை எடுத்துக்கொண்டேன், பையையும் கட்டிக்கொண்டேன். தச்சனின் பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குப் போனால் மரம் கிடைக்காமலா போகும், நான் எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் எனக்குச் சோறு உண்டு. ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்று முடிகிறது பாட்டு.

நம் ஊரின் முதல் வள்ளலைப் பற்றி, அவனை மிக நெருக்கமாக அறிந்த ஒருத்தி, அவன் வீட்டு வாசலிலேயே வைத்த புகார் இது. அவன் இறந்தபோது நெஞ்சு வெடிக்கப் பாடியவளும் அவள்தான். ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்ற பாடலை, கள்ளைக் கையால் தொடாதவர்கள் படித்தாலும் குரல் உடையும். இந்த இரண்டு பாடல்களையும் ஒரே மாலையில் வைத்துப் பேசியிருந்தால் பாலக்கோட்டுக்காரர் பஸ்ஸை விட்டிருப்பார். நம் கூட்டங்களில் இரண்டாவது பாட்டு மட்டும்தான் இருக்கிறது. அதுவும் பாதி.

கொடையாளரைப் பற்றிய உரைகள் சலிப்பூட்டுவதற்கு நான் காணும் காரணம் இதுதான். ஆளிலிருந்து தொடங்குகிறோம். ஆளிலிருந்து தொடங்கினால் புகழ்வதைத் தவிர வேறு வழி இல்லை. அவர் கொடுத்த பொருளிலிருந்து தொடங்குங்கள். அது எங்கே இருக்கிறது, எந்தப் பணத்தில் வந்தது, யார் பயன்படுத்தினார்கள், யாருக்கு உள்ளே இடமில்லை, கொடுத்தவர் போனபின் அதை யார் காப்பாற்றினார்கள். இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் அந்த ஆள் தானாக எழுந்து வருவார், குறையோடும் நிறையோடும்.

அதியமானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவனைப் புலவர்கள் நிறையப் பாடியிருக்கிறார்கள். அவன் தரப்பிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி. திருக்கோவிலூர் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரின் மலையில், ஒரு குகையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. 1981இல் கண்டுபிடித்தார்கள். ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.’ துறவிகள் தங்குவதற்காக அவன் கொடுத்த இருப்பிடம். வென்ற போர்கள் அதில் இல்லை, பாடிய புலவர் பெயர்கள் இல்லை. யார் கொடுத்தது, என்ன கொடுத்தது, அவ்வளவுதான். அசோகனின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் வரிசையில் வரும் சதியபுத்திரர் யார் என்று ஆய்வாளர்கள் நீண்டகாலம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கொடைச் செய்தி அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது. உங்கள் பேச்சாளர் இதை எடுத்திருந்தால் நெல்லிக்கனிக்கு நேரமே இருந்திருக்காது.

அதியமானுக்குப் பிறகு யார் என்று கேட்டீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி, நுளம்பர் என்ற அரச மரபினர் இங்கே ஆண்ட காலம். நிதியண்ணன், சண்டியண்ணன் என்று இரண்டு சகோதரர்கள், வணிகர் வீட்டுப் பிள்ளைகள், அன்று தகடூர் என்று பெயர் பெற்றிருந்த நம் தருமபுரியில் ஒரு சமணப் பள்ளி கட்டினார்கள். அதற்கு ஒரு கிராமமும் கொடையாக வந்தது என்கிறது கன்னடத்தில் வெட்டிய கல்வெட்டு. அரசன் மகேந்திர நுளம்பன். இந்தச் செய்தியில் பேச எவ்வளவு இருக்கிறது பாருங்கள். தருமபுரியில் கன்னடக் கல்வெட்டு ஏன்? இங்கே வணிகர்களுக்கு அவ்வளவு பணம் எந்தப் பெருவழியிலிருந்து வந்தது? சமணம் எங்கே போயிற்று? கோட்டைக் கோயிலின் தூண்களைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளோடு போனால் வேறு கோயிலைப் பார்ப்பார்கள்.

கிராமத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அக்காலத்துக் கொடையாளருக்கு ஒரு விவரம் தெரிந்திருந்தது. கட்டுவது சுலபம், விளக்கு எரியவைப்பது கடினம். அதனால் நிலத்தையோ ஆட்டையோ பொன்னையோ முதலாக வைத்து, அதன் வருவாயில் விளக்கு எரிய ஏற்பாடு செய்தார்கள். கடைசியில் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில் ஒரு வரி வரும்: இந்தத் தர்மத்தைக் காப்பவர்களுடைய பாதம் என் தலைமேல். கொடுத்தவன், இன்னும் பிறக்காத பராமரிப்பாளனின் காலைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். இன்றைக்குத் திறப்புவிழாக் கல்வெட்டில் மாவட்டச் செயலாளர் வரைக்கும் பெயர் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறவர் பெயர் இல்லை.

சென்னையைச் சொன்னீர்களே, பச்சையப்ப முதலியார் கதை இதற்கு நல்ல பாடம். அவர் 1794இல் உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தார். அறத்துக்கென்று எழுதிய பணம் வழக்குகளில் சிக்கிக்கொண்டது. அதை மீட்டு அவர் பெயரில் பள்ளி திறந்தபோது ஆண்டு 1842. இடையில் 48 ஆண்டுகள். ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞர் முனைந்து நின்றிராவிட்டால் அந்தப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. வள்ளல் யார் என்ற கேள்விக்கு இங்கே எளிதான விடை கிடையாது. அதனால்தான் அது நல்ல உரைக்கான பொருள்.

மன்றோவை உங்கள் பட்டியலில் நிச்சயம் யாராவது சேர்ப்பார்கள். சேருங்கள், ஆனால் மாலை போடாதீர்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு, நம் பகுதி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டு, இந்த மலைகளின்மேல் ஆசைப்பட்டு, பிரிய மனமில்லாமல் போனார் என்பதெல்லாம் உண்மை. அவருக்கு இங்கே ஒரு நினைவுத் தூணும் இருக்கிறது. அவர் வந்த வேலை வரி வசூல் என்பதும் உண்மை. வயல் வயலாக அளந்து, உழுகிறவனோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் தொடங்கி வளர்ந்தது. இடைத்தரகனிடமிருந்து காப்பாற்றினார் என்பார்கள் ஒரு பக்கம், சர்க்காரின் கையை நேராக விவசாயியின் களத்துமேட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள் மறுபக்கம். இரண்டையும் மேடையில் வையுங்கள்.

அவர் போனபின் நடந்ததையும் சேருங்கள். 1802 முதல் சில ஆண்டுகளில் இதே நிலம் மிட்டா என்ற ஜமீன் போன்ற பகுதிகளாகப் பிரித்து ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர்களில் பலர் கட்ட முடியாமல் நொடித்துப்போனார்கள், சிலர் நிலைத்தார்கள். நம் பக்கத்தில் மிட்டாதார் கட்டிய சத்திரம், மிட்டாதார் செய்த தேர் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஏலம்தான். சத்திரம் நல்ல காரியம், சந்தேகமில்லை. அந்தப் பணம் எந்தக் குத்தகையில் வந்தது என்று கேட்பது சத்திரத்தை இடிப்பதாகாது.

ஒரு மாலையைத் தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களுக்கு ஒதுக்குங்கள். உரையை அங்கேயே வைக்க முடியாவிட்டாலும், அன்று பிற்பகல் ஆட்களை அங்கே கூட்டிப் போய்விடுங்கள். நண்பகலில் பார்த்தால் சொரசொரப்பான கல் மட்டும்தான் தெரியும். வெயில் சாயும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள், அல்லது ஒரு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைக் குறுக்கே ஓடவிடுங்கள். வட்டெழுத்து ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு, காலருகே ஒரு சிறு கெண்டி. வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டுமந்தை. ஊர் மாட்டை மீட்கப் போய் உயிரைக் கொடுத்தவன். ஊர் அவனுக்குக் கல் வைத்து, பெயரையும் எழுதிவைத்திருக்கிறது. இவர்களை விட்டுவிட்டு நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களே!

பாப்பாரப்பட்டிக்கும் ஒரு மாலை வேண்டும். கொடுக்கக் கையில் காசில்லாத கொடையாளி சுப்பிரமணிய சிவா. சிறை கொடுத்த தொழுநோயோடு, ரயிலில் ஏறக்கூடாது என்ற தடையோடு, கட்டை வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் பாரத மாதா கோயிலுக்குப் பணம் கேட்டார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று, சிவா அங்கேயே இறந்தார். முடியாமல் போன ஒரு கொடையைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வீர முழக்கம் செய்பவர் வேண்டாம்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். ராமாக்காள் ஏரி, பிடமனேரி, அன்னசாகரம் என்று இந்த ஊரில் முகவரியே ஏரிதான். உங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிரிக்கும்போது பல்லைப் பாருங்கள். பழுப்புக் கோடு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் புளோரைடு எழுதிய கல்வெட்டு அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தண்ணீர் திறந்தார்கள். ஜப்பான் கடன், நம் வரிப்பணம், இரண்டு கட்சி ஆட்சிகள். இரண்டு கட்சியாரும் எங்கள் திட்டம் என்பார்கள். யார் வள்ளல் என்பதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். உங்கள் மேடையில், அந்தக் குழாயில் எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று தெரிந்த ஒரு பணியாளர் உட்காரட்டும். கிருஷ்ணகிரி அணையும் அப்படித்தான். 1957இல் காமராஜர் திறந்ததை எல்லோரும் சொல்வார்கள். 2017 நவம்பரில் மதகு உடைந்து தண்ணீர் வீணாய்ப் போனதையும் அதே உரையில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் வள்ளல் என்றதும் அடுத்த கேள்வி ‘அவர் யாரு ஆளு’ என்பதுதான். நடுகல்லில் இருப்பவனுக்கே இன்று சாதிச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கேள்வி நேரத்தில் இது கட்டாயம் வரும். கூட்டத்தை நடத்துபவர் கையில் மைக் இருக்கட்டும், கேள்வி கேட்பவர் கையில் கொடுக்க வேண்டாம்.

இப்போது உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். பணத்தை வாங்குங்கள். கொடுக்க முன்வருபவரை வாசலில் நிறுத்திக் குணம் பார்ப்பது நல்ல பழக்கமில்லை. மாலை அவர்களுடையதாக இருக்கட்டும். பேச்சாளர் உங்களுடையவர், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தக் குடும்பத்திடம் பணத்துக்கு மேலாக ஒன்றைக் கேளுங்கள்: காகிதங்கள். இடத்தின் கிரயப் பத்திரம், தான செட்டில்மெண்ட், கட்டடக் கணக்கு எழுதிய நோட்டு, கடைக்கால் போட்ட நாளின் புகைப்படம் என்று பீரோவில் என்ன இருந்தாலும் வரட்டும். அந்த நோட்டில் சுண்ணாம்புக்கும் செங்கல்லுக்கும் கொடுத்த கூலி இருந்தால் ஒரு மாலைக்கு அதுவே போதும். பள்ளியில் முதல் ஆண்டு சேர்ந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் அழைத்துவந்து பேசவையுங்கள். சேர்க்காமல் விட்டவர்கள் இருந்தால் அவர்களையும். பேரனுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள், மேடையில் வேண்டாம்.

பத்திரத்தைக் காட்ட மாட்டோம், பேச்சாளரை நாங்கள்தான் கொண்டுவருவோம் என்று சொன்னால் கும்பிட்டு விடைபெறுங்கள். துண்டேந்தினால் ஒரு மைக்கும் ஐம்பது நாற்காலியும் கிடைக்காத ஊரல்ல தருமபுரி.

வாழ்த்துரை, பொன்னாடை இரண்டையும் அழைப்பிதழிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆறு மணி என்று போட்டால் ஆறுக்குப் பேச்சாளர் பேசத் தொடங்க வேண்டும். என்னைக் கூப்பிடுவதானால் மன்றோ மாலையை எனக்குக் கொடுங்கள். அவர் பக்கம் பேச இன்னொருவரையும் பார்த்து வையுங்கள், நான் மறுபக்கம் பேசுகிறேன்.

அன்புடன்.