வயல் கேள்வி பதில்: புழு தின்னும் பயிருக்கு ஜிப்ரலிக் அமிலமா?

கேள்வி: சம்பா நட்டு 40 நாள். இரண்டாம் மேலுரம் யூரியா போட்டதும் பயிர் கருகருவெனப் பச்சை கட்டியது. பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு வந்துவிட்டது. ஜிப்ரலிக் அமிலம் அடித்தால் புது இலை விட்டுத் தேறிவிடும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். அடிக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். இலையை நீட்டுவது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன். ஜிப்ரலிக் அமிலம் அதில் ஒரு வகை. கடிபட்ட இலையில் ஊறுவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற எதிர்ப்பு ஹார்மோன். புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் அதன் தூண்டுதலால்தான் உண்டாகின்றன. இலைக்குள் டெல்லா என்ற புரதம் வளர்ச்சிக்குப் பிரேக், ஜாஸ் என்ற புரதம் எதிர்ப்புக்குப் பிரேக். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து வைத்திருக்கும். புழு கடித்ததும் ஜாஸ் அழியும். எதிர்ப்பு கிளம்பும், விடுபட்ட டெல்லா வளர்ச்சியை மட்டுப்படுத்தும். ஜிப்ரலின் கொடுத்தால் டெல்லா அழிந்து, மிஞ்சும் ஜாஸ் எதிர்ப்பை அமுக்கிவிடும். ஆக, கடிபட்ட பயிர் சற்று நின்று வளர்வது சோர்வு அல்ல. (நாற்றங்காலில் வெளிறி, ஒல்லியாக நெட்டி நிற்கும் பக்கானே நோய் நாற்றைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை சுரக்கும் ஜிப்ரலின்தான் அந்த வேலையைச் செய்கிறது.)

யூரியா சங்கதி வேறு: தழைச்சத்து மிகுந்த மெத்தென்ற இலை புழுவுக்கு நல்ல தீனி. அடுத்த மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். பிறகு இலை வண்ண அட்டையில் (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை) நிறம் 4-க்குக் கீழே காட்டினால் மட்டும் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3.

மூலைக்கு மூலை பத்துக் குத்துகளில் இலைகளை எண்ணுங்கள். நூற்றுக்குப் பத்து இலை வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருந்தால்தான் மருந்து. அதற்குக் குறைவென்றால் வயலில் நீர் நிற்கும்போது பயிரின் மேலாகக் கயிற்றை இழுத்து மடிப்பைப் பிரித்துவிட்டு, மாலையில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு (100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு) அடியுங்கள். மடிப்பைப் பிரிக்காமல் அடித்தால் சாறு புழுவின் மேல் படாது. வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துப் பக்கமே போகாதீர்கள், சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகும். புழுவின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் ஒட்டுண்ணி அட்டையை, நட்ட 44, 51-ம் நாள்களில் ஏக்கருக்கு 2 சிசி வீதம் கட்டுங்கள். முதல் தவணை 37-ம் நாளிலேயே கட்டியிருக்க வேண்டும்.

அடுத்த பட்டத்துக்கு உமிச்சாம்பல் போடலாம். மணிச்சத்துக்காக அல்ல, சிலிக்காவுக்காக. அது இலையைச் சொரசொரப்பாக்குவதோடு, புழு கடிக்கும்போது ஜாஸ்மோனிக் எதிர்ப்பை விரைவாகவும் கூடுதலாகவும் கிளப்புகிறது. அதிகச் சூட்டில் எரிந்து வெளுத்த சாம்பல் மண்ணில் கரையச் சுணங்கும். கருகலான உமிக்கரி மேல்.

கேள்வி: கீழ் இலையைத் தின்றால் விட்டுவிடலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: தூர்கட்டும் பருவத்தில் ஓரளவு விடலாம், பயிர் ஈடுகட்டிவிடும். கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) வந்தபின் கணக்கு மாறும். மணிக்குப் பால் ஏற்றும் இலை அது. அதில் 5 சதம் சேதமானாலே மருந்துக்கு இறங்குங்கள்.