ஊட்டியில் இருபத்தாறு மணி நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையில் அப்பா, அம்மா, பாட்டி, கல்லூரியில் படிக்கும் தம்பி ஆகியோரோடு ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் வசிக்கிறோம். எனக்குத் திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு மனைவியோடு ஊட்டிக்குப் போய்வர எண்ணியிருக்கிறேன். தாவரவியல் பூங்கா, ரோஜாத் தோட்டம், ஏரி, தொட்டபெட்டா, பைக்காரா, அவலாஞ்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக் ஆகிய ஒன்பது இடங்களையும் பார்த்துவிட எந்த வரிசையில் போக வேண்டும்? காருக்கு இ-பாஸ் தேவையா? கொடைக்கானல்தான் மேலா? அப்பா இதைத் தண்டச் செலவு என்கிறார். அவள் தாய்வீட்டுக்கும் நான் அலுவலகப் பயிற்சிக்கும் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாமா என்று தோன்றுகிறது.

இப்படிக்கு, உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

பயணத்துக்கு வழி கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய டிரங்குப் பெட்டிக்குள் அகப்பட்ட ஒரு தாள். 1988 ஜனவரியில் ஊட்டிக்குப் போகும் முன் நான் பென்சிலால் எழுதிய பட்டியல் அது. ஏழு இடங்கள், இரண்டுக்கு மட்டும் டிக் அடித்திருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உங்கள் பட்டியல் வந்து சேர்ந்தது.

முதலில் அந்தப் பொய்யை விட்டுவிடுங்கள். தாலி கட்டிய மனைவியோடு இரண்டு நாள் வெளியூர் போவதற்கு ஒன்றுக்கு இரண்டாகப் பொய் சொல்லும் நீங்கள், நாளைக்குப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்? தண்டச் செலவு என்னும் அப்பாவிடம் ஒன்று சொல்லலாம். நமக்குப் பக்கத்திலிருக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆட்சி நடத்திய கவர்னர்கள் 1870 முதல் ஆண்டுதோறும் கோடையில் கோப்பு, குமாஸ்தா சகிதம் அரசாங்கத்தையே ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னால் உங்கள் இரண்டு நாள் எம்மாத்திரம்? இ-பாஸ் முறை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கிறது. ரயிலிலோ அரசுப் பேருந்திலோ போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. கொடைக்கானல் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஒன்பது இடங்கள். வெள்ளி இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையம். ஏழு மணியை ஒட்டிப் புறப்படும் மலை ரயில் நண்பகலில் ஊட்டி சேரும். திங்களன்று வேலைக்குப் போக வேண்டுமானால் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்கும் ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஆக, ஊட்டியில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 26 மணி நேரம். அதில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கழித்துவிட்டு, கூடலூர் சாலையில் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பைக்காராவையும், அதற்கு நேர் எதிர்த் திசையில் குன்னூரையும் தாண்டியிருக்கும் டால்பின் நோஸையும் ஒரே மூச்சில் பார்க்க நினைக்கிறீர்களே, நீங்கள் மனைவியை அழைத்துப் போகிறீர்களா அல்லது தபால் பட்டுவாடா செய்யப் போகிறீர்களா? காரில் போனால் நேரம் மிச்சமாகும் என்பீர்கள். மிச்சமாகும் நேரத்தில் பத்தாவது இடம் ஒன்றைச் சேர்ப்பீர்கள், அவ்வளவுதான்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்ட ராயபுரம் நிலையத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். ரயில் என்று எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்தான், அதற்கு ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்சட்டத்தை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக்கொள்ள, வண்டி குன்னூர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. மலையேறும்போது இன்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஹில்குரோவில் அது தண்ணீர் குடிக்க நிற்கும்போது இறங்கினால், மூச்சை இழுத்த மாத்திரத்தில் காற்று மாறிவிட்டது தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு; ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறுவதைக் காரில் போகிறவன் அறியமாட்டான். சீட்டு எளிதில் கிடைக்காது என்பதால் இன்றைக்கே முன்பதிவு செய்யுங்கள்.

நாங்கள் அப்படித்தான் போனோம். அப்போது தண்டையார்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். ஓட்டு வீட்டில் எட்டுக் குடும்பங்களுக்கு ஒரே அடிபம்பு. எங்களுடைய பங்கு ஒரு அறை. அதன் குறுக்கே ஒரு பழைய சேலை தொங்கும், சேலைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் இருமல். கல்யாணமான ஒன்றரை வருடத்தில் நானும் அவளும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டதே கிடையாது. ஊட்டியில் விடுதி அறைக்குள் நுழைந்ததும் அவள் கதவைத் தாழிட்டாள், பிறகு தாழைத் திறந்தாள், மறுபடியும் போட்டுப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். மாலை நாலானது, ஐந்தானது. தாவரவியல் பூங்காவை மூடிவிடுவார்களே என்று நான் பட்டியலும் கையுமாக ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். விடியற்காலை மூன்றரை மணிக்குத் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்து, "தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டாள். எங்கே இருக்கிறோம் என்பது உறைத்ததும் ஒன்றும் பேசாமல் கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு மணிக்கு அவளைத் தட்டி எழுப்பினேன். பக்கத்துக் குடித்தனத்தில் இரவல் வாங்கிவந்த ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, புல்லில் உறைபனி வெளுத்துக் கிடந்த அந்தக் காலையில் தொட்டபெட்டாவுக்கு இழுத்துப் போனேன். 2,637 மீட்டர் உச்சியில் பஞ்சுப்பொதி போல மூடுபனி. எதிரே நின்ற அவளுடைய முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. பட்டியலில் டிக் அடித்தேன். திரும்பும் பேருந்தில் என் தோளில் விழுந்து தூங்கியவளை, செலவு செய்து கூட்டிவந்தும் எதையும் பார்க்கவில்லையே என்று கடிந்துகொண்டேன்.

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒன்பது இடங்களின் பெயர் இருக்கிறது. உங்கள் மனைவி எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், அந்த வீட்டில் அவர் உடை மாற்றுவதற்கு எங்கே போகிறார், இந்த இரண்டு நாட்களில் அவருக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் ஒரு வரியில்கூட இல்லை. அவரைக் கேட்டீர்களா? அவருக்கு டால்பின் நோஸ்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

இதை எழுதி முடித்து என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். தாழ்ப்பாள் கதையை இல்லவே இல்லை என்று மறுத்துவிட்டாள். பிறகு அடுக்களைக்குப் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "விடுதியில ஆளுக்கு ரெண்டு கம்பளி கேட்டு வாங்கச் சொல்லுங்க. ஒண்ணு பத்தாது."

அன்புடன்.