மனோரஞ்சிதம் வளர்ப்பு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: பழைய வீடு ஒன்றை வாங்கினோம். சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு புதர் மண்டிக் கிடக்கிறது. இலை மாவிலை போலப் பளபளவென்று இருக்கிறது. வெட்டலாமா? (தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து இப்போது வெட்டாதீர்கள். கிளைகளில் இலைக்கு எதிர்ப்புறமாகத் தூண்டில் முள் போல வளைந்த, கட்டையான கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் மனோரஞ்சிதம்தான். அந்தக் கொக்கி வெறும் முள் இல்லை, பூவைத் தாங்கும் காம்பு. அதை வைத்துத்தான் பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு கொடி ஏறும், பூவும் அதிலேயே தொங்கும். சீத்தாப்பழக் குடும்பம் என்பதால் சதைப்பற்றான ஆறு இதழ்கள், மூன்று மூன்றாக இரண்டு அடுக்கில் இருக்கும். தாவரவியல் பெயரான ஆர்டபோட்ரிஸ் ஹெக்ஸபெட்டாலஸ் என்பதிலும் இந்த ஆறு இதழ் இருக்கிறது.

கேள்வி: நர்சரியில் மனோரஞ்சிதம் என்று கொடுத்தார்கள். கொக்கியே இல்லை. மஞ்சள் இதழ்கள் நூல் நூலாக நீண்டு தொங்குகின்றன. ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களிடம் இருப்பது இலாங் இலாங், அதாவது கனங்கா. வாசனைத் திரவியத்துக்காக வளர்க்கும் மரம் அது. அதிலேயே குட்டையாகப் புதர் போல நிற்கும் ரகமும் உண்டு, தொட்டியில் பெரும்பாலும் அதைத்தான் விற்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், பெயரும் கலந்துபோய்விட்டது. அதுவும் நல்ல செடிதான், வையுங்கள். கொடி மனோரஞ்சிதம் வேண்டுமென்றால் அடுத்த முறை கொக்கியைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, பூ பச்சையாக இருக்கிறது, வாசனையே இல்லை. செடியில் கோளாறா?

பதில்: இல்லை தம்பி, அவசரப்பட்டுப் பறிக்கிறீர்கள். பூ பல நாள் இலையோடு இலையாகப் பச்சையாகவே தொங்கும். மஞ்சளுக்குத் திரும்பும்போதுதான் மணம் வரும். சில நாள் மணத்தை வைத்துத்தான் பூ எங்கே என்று தேடிப் பிடிக்கிறேன். பழுத்த ஒரே ஒரு பூவை டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள், அறை முழுக்க மணக்கும்.

கேள்வி: எந்தப் பழத்தை நினைத்து முகர்ந்தாலும் அந்த வாசனை வருமாமே, உண்மையா?

பதில்: என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். வாழை, அன்னாசி போன்ற பழங்களின் மணத்துக்குக் காரணம் எஸ்டர் என்ற வகைப் பொருள்கள். இந்தப் பூவின் மணமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதனால் மனம் எந்தப் பழத்தைத் தேடுகிறதோ, மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. வங்காளத்தில் இதற்குக் காட்டாலி சாம்பா என்று பெயர், பலாப்பழச் செண்பகம் என்று பொருள். எனக்கும் பலாதான் முதலில் வரும். இந்தப் பழ மணம் நமக்காக உண்டானதும் இல்லை. சின்ன வண்டுகளை வரவழைப்பதற்காக. பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகுதான் மகரந்தம் உதிர்க்கும். உள்ளே புகுந்த வண்டு மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போகும்.

கேள்வி: ஆறு வருடமாக வளர்க்கிறேன். ஒரு பூ இல்லை. வருடா வருடம் நன்றாகக் கவாத்து செய்கிறேன், உரமும் வைக்கிறேன்.

பதில்: உங்கள் செடி எங்கே நிற்கிறது என்று சொல்லவில்லையே. மாமர நிழலா? நிழலில் உயிரோடு இருக்கும், இலையும் செழிக்கும், பூ மட்டும் வராது. அரை நாள் வெயிலாவது வேண்டும். கவாத்திலும் ஒரு விஷயம்: கொக்கி விட்ட கிளைகளை மொட்டையடித்தால் பூக்கும் இடத்தையே எடுத்துவிடுகிறீர்கள். ஓடி அலையும் இளந்தண்டு, காய்ந்தது, ஒன்றோடொன்று பின்னியது, இவற்றை மட்டும் எடுங்கள். யூரியாவை நிறுத்திவிட்டு மட்கிய சாணமும் இலைமட்கும் போடுங்கள். விதையில் வந்த செடி என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கேள்வி: புதுச் செடி எப்படி உண்டாக்குவது?

பதில்: பதியன்தான் சுலபம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, நடுவில் பட்டையை லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல் வையுங்கள். மழைக்காலத்தில் செய்தால் ஈரம் தானே நிற்கும். நன்றாக வேர் பிடித்த பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்தெடுங்கள். கொத்தாகக் காய்த்து மஞ்சளாகப் பழுக்கும் பழத்தின் விதையும் முளைக்கும், ஆனால் ரொம்பத் தாமதம்.

கேள்வி: வாசனைக்குப் பாம்பு வரும் என்று மாமியார் வைக்க விடமாட்டேன் என்கிறார்.

பதில்: அவருடைய பயத்திலும் காரணம் இருக்கிறது. பூ மணத்தைத் தேடிப் பாம்பு வருவதில்லை. அடர்ந்த புதரின் அடியில் எலி, தவளை ஒதுங்கும், அவற்றைத் தேடி வரலாம். எந்தப் புதருக்கும் இது பொருந்தும். அடியில் இரண்டு அடி உயரம் வரை கிளை எடுத்து, சருகைக் கூட்டி, வெளிச்சம் படும்படி வையுங்கள். அத்தையிடம் அதைக் காட்டிச் சொன்னால் சம்மதிப்பார்.

கேள்வி: இது மருந்துச் செடியா?

பதில்: சீனாவில் கொக்கியைப் பார்த்துக் கழுகு நகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மலேரியாவை எதிர்க்கும் இங்ஜாவோசு என்ற பொருளை 1979இல் இதன் வேரிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். அது ஆய்வுக்கூட வேலை. வீட்டில் கஷாயம் வைத்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பச்சைப் புழு இலையைத் தின்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். நெட்டிலிங்கத்திலும் சீத்தாவிலும் முட்டையிடும் அதே பட்டாம்பூச்சியாக இருக்கும், கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளிகள். வளர்ந்த செடிக்கு நாலு இலை போனால் நஷ்டமில்லை. கன்றாக இருந்தால் மட்டும் புழுவை ஓர் இலையோடு எடுத்துப் பக்கத்து நெட்டிலிங்கத்தில் விட்டுவிடுங்கள்.