காலி மனையில் பொதுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

குடியிருப்புப் பகுதியில் அக்கம்பக்கத்தார் கூடித் தோட்டம் போடுவது பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு மனை பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கிறது. நாங்கள் நான்கு குடும்பத்தார் சேர்ந்து அதைப் பொதுத் தோட்டமாக்க நினைக்கிறோம். செடி வளர்ப்பில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: செடி வளர்ப்பில் பழக்கம் உள்ளவர்கள் விதையிலிருந்தும் மண்ணிலிருந்தும் தொடங்கவே ஆசைப்படுவார்கள். அந்த ஆசையைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். நான் அருகிலிருந்து பார்த்த தோட்டங்களில் பூச்சியாலோ வெயிலாலோ அழிந்தவை குறைவு. இன்று தண்ணீர் விடுவது யார் முறை என்பது யாருக்கும் தெரியாமல் வாடியவையே அதிகம். ஆகவே முதலில் நிலத்தின் உரிமை, அடுத்து ஆட்கள், அதன்பின் தண்ணீர், கடைசியாக மண் என்ற வரிசையில் செல்லுங்கள்.

மனை யாருடையது என்று கண்டறிந்து, அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு, யார் எதற்குப் பொறுப்பு, யாருக்காவது அடிபட்டால் என்ன செய்வது, நிலத்தைத் திரும்பக் கேட்டால் எவ்வளவு அவகாசம் தரப்படும் என்ற நான்கும் அதில் இருந்தால் ஒரு பக்கமே போதும். 1973இல் நியூயார்க் நகரில் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் குப்பை மேடாகக் கிடந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டே நகர நிர்வாகத்திடமிருந்து மாதம் ஒரு டாலர் வாடகைக்கு முறைப்படி அனுமதியும் பெற்றார்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. மறுபுறம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏறத்தாழ 350 குடும்பங்கள் 14 ஏக்கரில் பயிர் செய்துவந்த தோட்டம், நிலம் தனியார் கைக்குப் போன பிறகு நீண்ட வழக்குகளின் முடிவில் 2006இல் இடித்து அகற்றப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு நிலத்தின் மீது நிலையான உரிமை இருக்கவில்லை. மூன்றாண்டுக்குக் குறைந்த சம்மதத்தை நம்பி மரக்கன்று நடாதீர்கள். காய்கறி, கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்களைப் பொறுத்தவரை, நான்கு குடும்பம் தொடங்குவதற்குப் போதும், நடத்துவதற்குப் போதாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவர் வெளியூர் என்றாகும் வாரம் கட்டாயம் வரும். மனையை ஒட்டி இருக்கும் வீட்டுக்காரர்களிடம், அவர்கள் தோட்டத்தில் சேரப் போவதில்லை என்றாலும், முதலிலேயே நேரில் போய்ப் பேசுங்கள். கொசு வருமா, மதிலில் ஈரம் ஏறுமா, சத்தம் இருக்குமா என்ற அவர்களுடைய கவலைகள் நியாயமானவை.

தண்ணீருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். மழை இல்லாத வாரத்தில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 25 லிட்டர் வேண்டும். கடும் வெயிலில் அதற்கு மேலும் ஆகும். 1.2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பத்துப் பாத்திகள் என்றால் 36 சதுர மீட்டர். வாரத்துக்கு 900 லிட்டர். 15 லிட்டர் வாளியில் சுமந்தால் அறுபது நடை. முதல் வாரம் உற்சாகத்தில் சுமந்துவிடலாம். ஏழாவது வாரத்தில் யார் சுமப்பார்? மனைக்குள் ஒரு குழாய் வருவதற்கு வழி கிடைத்த பிறகே மண்வெட்டியை எடுங்கள். கூடவே, ஒரு விடுமுறை நாளில் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் போய் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி போன்ற காய்ப்பவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரைகள் நான்கு மணி நேரத்திலும் ஒப்பேறும்.

கேள்வி: ஆளுக்கொரு பாத்தி என்று பிரிப்பதா, எல்லாரும் சேர்ந்து உழைத்து விளைச்சலைப் பங்கிடுவதா? எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

பதில்: காய்கறிக்குத் தனிப் பாத்தி, மற்றவற்றுக்குப் பொதுப் பொறுப்பு என்பதே என் கருத்து. தன் பாத்தி என்றால் வாடிய செடியைப் பார்த்ததும் ஒருவருக்கு மனம் பதறும். எல்லாருடைய பாத்தி என்றால் வேறு யாராவது தண்ணீர் விடுவார்கள் என்று தோன்றிவிடும். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில் 1860களில் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டுத் திடல் அமைத்தார்கள். பின்னர் அதன் ஓரத்தில் குழந்தைகளே பயிரிடச் சிறு பாத்திகள் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் விரைவில் குறைந்துவிட்டது. களை மண்டிய பாத்திகளைப் பெற்றோர் கையிலெடுத்தார்கள். அவை குடும்பத்துக்கு ஒன்று எனத் தனித்தனித் தோட்டங்களாயின. அந்நாட்டில் இன்றும் பரவலாக உள்ள ஷ்ரேபர் தோட்டங்கள் அப்படித்தான் உருவாயின. ஆனால் நடைபாதை, வேலி, குழாய், மட்கு உரக்குழி, கருவிகள், வேலியோரக் கொடிகள் ஆகியவை பொதுவில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் எல்லாரும் கூடி அவற்றைப் பார்க்கும் வழக்கம் இல்லையென்றால், நீங்கள் நடத்துவது ஒரே வேலிக்குள் பத்துத் தனித் தோட்டங்கள்தான்.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்ட வேண்டாம்; இரு பக்கமிருந்தும் கை நடுவரை எட்டினால் மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்காக ஒரு பாதையையாவது 90 சென்டிமீட்டர் அகலத்தில் விடுங்கள். முதல் ஆண்டில் மனையின் பாதியை மட்டும் பயிரிட்டு, மீதியை அட்டைப்பெட்டித் தாளும் அதன்மேல் சருகும் பரப்பி மூடி வையுங்கள். களையும் அடங்கும், அடுத்த ஆண்டுக்கு மண்ணும் பதமாகும்.

கேள்வி: எங்கள் மனையில் முன்பு ஒரு பழைய வீடு இருந்து இடிக்கப்பட்டது. தோண்டினால் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வருகின்றன. அந்த மண்ணில் விளைவதைச் சாப்பிடலாமா?

பதில்: கல்லும் செங்கல்லும் பெரிய கவலை அல்ல, பொறுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஈயம்தான் கவலை. பழைய சுவர்களிலும் சன்னல்களிலும் பூசப்பட்ட பெயிண்ட்டில் ஈயம் இருந்தது. வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் முற்றிலும் நின்றதே 2021இல்தான். ஈயம் மட்கி மறையும் பொருள் அல்ல; விழுந்த இடத்தில், மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே உங்கள் மனைக்கு ஆய்வுக்கூடச் சோதனை அவசியம். பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பிடியை அனுப்புங்கள். இடிந்த சுவர் நின்ற ஓரத்து மண்ணைத் தனியாக அனுப்புங்கள். கார அமில நிலையோடு ஈயத்தையும் பார்க்கும்படி எழுதிக் கேட்க வேண்டும். சாதாரண உரச் சோதனையில் அது பெரும்பாலும் சேர்ந்திருப்பதில்லை.

முடிவு மோசமாக வந்தாலும் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. தரையில் கனத்த துணி விரித்து, அதன்மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சட்டம் கட்டி, நல்ல மண்ணும் மட்கு உரமும் நிரப்பிப் பயிரிடலாம். சட்டத்துக்குப் பழைய ரயில் கட்டைகளையோ மருந்தேற்றிய பழைய மரத்தையோ பயன்படுத்தாதீர்கள். அவற்றிலுள்ள நச்சு மண்ணில் இறங்கும். ஈயம் காயின் வழியே நம்மை அடைவதைவிட, கையில் ஒட்டிய மண்ணாலும் காற்றில் எழும் தூசியாலும் அடைவதே அதிகம். அதனால் பாதைகளை மரத்தூளால் மூடுவதும், குழாயடியில் சோப்பு வைப்பதும், குழந்தைகளைக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்க விடாததும் சோதனைக்கு நிகரான முக்கியம் உடையவை. கிழங்குகளிலும் கீரைகளிலும் மண் அதிகம் ஒட்டும். சந்தேகமான மண்ணில் அவற்றைத் தவிர்த்துக் காய்ப்பவற்றை நடுங்கள்.

மண்ணின் தன்மையை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கண்ணாடிப் புட்டியில் பாதியளவு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் அதன்மேல் சில மணி நேரத்தில் படியும். களிமண் மறுநாள் வரை நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் உங்கள் மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். இதைக் குழந்தைகள் கையில் கொடுங்கள். கலங்கல் தெளிவதற்காக அவர்கள் மறுநாள் காலையில் உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு வயது இரண்டு. ஓர் அன்பர் மூன்று மாதமாக வரவில்லை. அவர் பாத்தியில் களை பூத்து விதை எங்கள் பாத்திகளில் விழுகிறது. கேட்டால் மனம் நோகுமே என்று தயங்குகிறோம்.

பதில்: தயக்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்காமல் இருப்பதால் கோபம் குறையவில்லை, சேர்ந்துகொண்டிருக்கிறது. பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் காக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்டகாலம் நிலைத்த அமைப்புகளில் சில பொதுப் பண்புகளைக் கண்டார். பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோரே அதற்கான விதிகளை வகுக்கிறார்கள். மீறினால் முதலில் சிறிய கண்டிப்பு, தொடர்ந்தால் மட்டுமே பெரிய நடவடிக்கை. உங்களுக்கும் அதையே சொல்வேன். முதலில் ஒருவர் மட்டும் அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரியுங்கள். நான் பங்கேற்ற ஒரு தோட்டத்தில் இப்படி வராமலிருந்த பெண்மணியைப் பற்றிப் பலவாறு பேசினோம். போய்ப் பார்த்தபோது அவர் படுத்த படுக்கையாக இருந்த தம் தாயாரைக் கவனித்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே இருவர் அந்தப் பாத்தியில் களை பறித்தார்கள். அவர் திரும்பி வரும்வரை விளைந்தது அவர் வீட்டுக்கே போனது. நாங்கள் பேசியதை நினைத்து எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

காரணம் எதுவும் இல்லையென்றால், இரண்டு வாரத் தவணையோடு எழுத்தில் தெரிவித்து, அதன்பின் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் பாத்தியைக் கொடுங்கள். இந்த விதியை இப்போது அவருக்கென்று வகுக்காமல், எல்லாரும் கூடி எல்லாருக்குமாக வகுத்து, கையொப்பமிட்டு, அதற்குப் பிறகு நடைமுறைப்படுத்துங்கள். குழாயருகே ஒரு நோட்டுப் புத்தகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் விட்டவர் தேதியும் பெயரும் எழுதும் வழக்கத்தையும் கொண்டுவாருங்கள். வராதவர் யார் என்று யாரும் வாய்திறந்து சொல்லாமலே தெரியும்.

கேள்வி: மட்கு உரக்குழி நாறுகிறது என்று பக்கத்து வீட்டார் புகார் செய்கிறார்கள். மூடிவிடலாமா?

பதில்: வேண்டாம். நாற்றம் என்றால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று பொருள். பச்சைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டை ஆகியவை இரண்டு மூன்று பங்கு சேர வேண்டும். இன்றே முழுவதையும் கிளறிவிட்டுச் சருகைக் கலந்து மூடுங்கள். சில நாள்களில் அடங்கிவிடும். சமைத்த உணவையும் இறைச்சியையும் அறவே போடாதீர்கள், அவை எலியை அழைத்துவரும். கைப்பிடி உரத்தைப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். அதுவே சரியான ஈரம். குழியைப் பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளி மாற்ற இடம் இருந்தால் மாற்றிவிடுங்கள், உரம் பதமானதும் முதல் கூடையை அந்த வீட்டுத் தொட்டிச் செடிகளுக்குக் கொடுங்கள்.