பிள்ளை எப்போது நடக்கும்? கேள்வி பதில்

குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் நான். தவழ்வது, நிற்பது, நடப்பது பற்றிக் கேளுங்கள்.

13 மாதம் ஆகியும் மகன் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்திலேயே நடந்துவிட்டது.
பக்கத்து வீட்டை விடுங்கள் அம்மா. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடக்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கிறானா? அப்படியென்றால் சரியான வழியில்தான் போகிறான். 18 மாதம் முடிந்தும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்தவன் என்றால், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

மகள் தவழவே இல்லை, நேராக நிற்கப் பார்க்கிறாள்.
நூற்றில் நான்கைந்து பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்றதை மடக்கியே வைத்திருந்தால் உடனே காட்டுங்கள்.

வாக்கர் வாங்கலாமா?
வேண்டாம். படியில் உருண்டு விழும், அடுப்பு வரை எட்டும். கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. பிள்ளையைத் தரையில் விடுங்கள்.

நாங்கள் எல்லோரும் நடைவண்டி பிடித்து நடந்தவர்கள்தானே? அது நல்லது, இது மட்டும் கெட்டதா? (ஒரு தாத்தா)
நல்ல கேள்வி ஐயா, இரண்டும் ஒன்றல்ல. நடைவண்டியில் பிள்ளை தானே எழுந்து நின்று, உள்ளங்காலை முழுதாக ஊன்றி, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. வண்டி ஓடினால் தொப்பென்று உட்கார்ந்துவிடும், மறுபடி எழும். அந்த விழுந்து எழுவதில்தான் இடுப்பும் முதுகும் பலப்படுகின்றன. வாக்கரில் துணி இருக்கை எடையைத் தாங்கிக்கொள்ள, பிள்ளை நுனிக்காலால் உந்திக்கொண்டு ஓடுகிறது. சுற்றியுள்ள தட்டு மறைப்பதால் தன் கால்களையே பார்க்க முடியாது. சமநிலை பழக அங்கே வழியே இல்லை. நடைவண்டியையும், தானாகப் பிடித்து எழுந்து நிற்கும் பிள்ளைக்கே கொடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

என் பையன் வாக்கரில் இருந்து நன்றாகத்தான் நடந்தான்!
நடந்தது அவன் காலால். வாக்கர் இல்லாமலும் நடந்திருப்பான்.

மடியில் நிற்க வைத்தால் கால் வளைந்துவிடுமா?
வளையாது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை கால் சற்று வளைந்திருப்பது இயல்பு. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு கூடிக்கொண்டே போனாலோ காட்டுங்கள்.

எடை ஏற என்ன கொடுக்கலாம்?
அது என் துறை இல்லை. அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

தினம் அரை மணி நேரம் மட்டும் வாக்கர்?
மேலே சொல்லிவிட்டேன். அரை மணியும் வேண்டாம்.

9 மாதம். நன்றாக உட்கார்ந்துகொண்டிருந்தான், இப்போது சில நாட்களாக உட்கார வைத்தாலே சாய்கிறான். பல் முளைப்பதால் என்கிறார்கள்.
பல்லால் அப்படி ஆகாது. செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை விட்டுவிட்டால் காத்திருக்கவே கூடாது அம்மா. இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் பார்த்த பிறகு என்னிடம் வரலாம்.