சுனை கேட்பது செதில்

ஐயா,

பிரெத் ஆஃப் த வைல்ட் என்ற வீடியோ ஆட்டத்தில், லனாய்ரு மலையுச்சியில் நைட்ரா என்ற டிராகனைப் பிடித்திருந்த மாலிஸ் என்ற தீய கசடை ஒருவழியாக நீக்கிவிட்டேன். அதற்குள் நான்கு முறை குளிரில் செத்தேன். இரண்டு முறை பறக்கும்போதே கீழே விழுந்தேன். பிறகு அங்குள்ள சுனையின் தெய்வச் சிலை சொன்னபடி டிராகனை அம்பால் அடித்து, கிடைத்த கொம்புத் துண்டைச் சுனையில் போட்டேன். ஆலயத்தின் கதவு திறக்கவில்லை. இது ஆட்டத்தின் பிழையா?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

பிழை இல்லை. சுனை கேட்பது செதில். அம்பு எங்கே படுகிறதோ அதற்கேற்ற பொருள்தான் விழும்: கொம்பில் பட்டால் கொம்புத் துண்டு, காலில் பட்டால் நகம், வாயில் பட்டால் பல் துண்டு, உடம்பில் பட்டால் செதில். ஒரு முறை தோன்றும்போது ஒரு பொருள்தான் தரும். எனவே விறகும் நெருப்புமாக லனாய்ரு சாலையின் கிழக்கு வாசலுக்குப் போய், தீ மூட்டி, காலை வரை உட்காருங்கள். நைட்ரா அந்தப் பக்கம் பறந்து வரும். முகத்தை விட்டுவிட்டு நடு உடம்பைக் குறிவையுங்கள். செதில் மின்னிக்கொண்டே விழும். விழும் இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்ளாவிட்டால் பள்ளத்தில் தேட வேண்டியிருக்கும். கொம்புத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், சமையலுக்கு உதவும்.

இனி அந்தச் சாவுகள். உச்சியில் குளிர் இரண்டாம் நிலை. ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் முதியவர் தரும் வார்ம் டப்லெட் என்ற குளிர்ச்சட்டை ஒரு நிலையைத்தான் தாங்கும். ஐந்து காரமிளகாயைச் சேர்த்துச் சமைத்தால் பன்னிரண்டரை நிமிடம் கிடைக்கும், ஆனால் அதுவும் ஒரே நிலை. பலர் மிளகாயைக் கூட்டினால் நிலை கூடும் என்று நினைக்கிறார்கள், கூடுவது நேரம்தான். டப்லெட்டையும் மிளகாய் உணவையும் சேர்த்தால் இரண்டு நிலை ஆகிவிடும். முதுகில் நெருப்பு வாள் மாட்டியிருந்தால் அதுவும் ஒரு நிலைக்குச் சமம், நேரக்கெடுவும் கிடையாது. காசு இருந்தால் ரிட்டோ கிராமத்து ஸ்னோகுவில் உடையில் மேலாடை 500, தலையணி 650 ரூபி (ஆட்டத்துக் காசு). இந்த இரண்டே போதும். 1000 ரூபிக்குக் கால்சட்டை வாங்குவது இந்த வேலைக்கு வீண்செலவு.

விழுந்ததற்குக் காரணம் குறி அல்ல, ஸ்டாமினா, அதாவது உடல் தெம்பின் அளவு. நைட்ராவுக்கு உயிர் அளவைக் காட்டும் கோடு இல்லை. மாலிஸில் மிளிரும் கண்கள் மட்டுமே இலக்கு. முதல் கண் உடைந்ததும் அது மலையைச் சுற்றிப் பறக்கத் தொடங்கும், நீங்களும் பாராகிளைடரில் பின்தொடர வேண்டும். பறந்தபடி வில்லை இழுத்தால் காலம் மெதுவாகும், ஸ்டாமினாவோ வேகமாகக் கரையும். அது தீர்ந்துவிட்டால் பாராகிளைடர் திறக்காது. ஆகவே வில்லை இழுத்துக்கொண்டே குறி தேடாதீர்கள். முதலில் கண்ணுக்கு நேராகப் பறந்து வாருங்கள், பிறகு இழுங்கள், விடுங்கள், உடனே பாராகிளைடரைத் திறங்கள். ஸ்டாமினா நிரப்பும் உணவு இரண்டு வைத்திருந்தால் நடுவானிலும் மெனுவைத் திறந்து சாப்பிடலாம். டிராகனைச் சுற்றி மேல்நோக்கிக் காற்று வீசும், அதில் ஏறினால் இழந்த உயரம் திரும்பும். உடம்பை மட்டும் தொடாதீர்கள், உறைந்துபோவீர்கள்.

தூரத்தில் சாதாரண வில்லின் அம்பு தாழும். கிட்டே போய் விடுவதுதான் சரி. 20 அம்பாவது கையில் இருக்கட்டும். முதல் கண்ணைத் தொடுமுன் உச்சியில் ஒரு முறை சேமித்துவிடுங்கள்.

செதிலைக் கையில் எடுத்து, சிலைக்கு முன்னால் தண்ணீரில் போட்டால் கதவு திறக்கும். உள்ளே ஜிட்டான் சாமி ஆலயம். புதிர் ஏதும் கிடையாது. பெட்டியைத் திறந்து, உள்ளே அமர்ந்திருக்கும் துறவியைத் தொட்டால் வேலை முடிந்தது. உள்ளே போகாமல் திரும்பினாலும் வெளியே உள்ள பீடத்தையாவது ஷீக்கா ஸ்லேட்டால் (இடுப்பில் இருக்கும் பலகைக் கருவி) தொட்டுவிடுங்கள், பிறகு அங்கே நேராகத் தாவி வரலாம். இன்னொரு முறை அந்த மலை ஏற வேண்டாம்.